பள்ளிக்கூட வாசலா, சந்திப்பை அகலப்படுத்துவதா: வார்டு நிதியை முதலில் எதற்குக் கேட்பது?

சென்னையில் ஒரு வார்டு. ஏரியா சபைக் கூட்டம் வரப்போகிறது, மக்கள் கையில் ஐந்து கோரிக்கைகள் இருக்கின்றன: நெரிசலான ஒரு சந்திப்பை அகலப்படுத்துவது, உட்புறச் சாலைகளை மறுபடி போடுவது, பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்குடை, கடைத்தெருவில் பார்க்கிங், மாநகராட்சி நடுநிலைப் பள்ளி வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்க ஒரு ஏற்பாடு. "பள்ளி வாசலில் இதுவரை உயிரிழப்பு ஒன்றும் இல்லையே, அதை அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டாராம். எதை முதலில் கேட்பது, எந்தக் கணக்கை வைத்துக் கேட்பது என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளி வாசல்தான் முதலில். பிள்ளைகள் மேல் உள்ள பரிவு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த அதிகாரி சொன்ன வாதத்திலேயே பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு சாலை ஆபத்தானது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் அங்கே பிள்ளையைத் தனியாக யாரும் நடக்க விடமாட்டார்கள். பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், அப்பா வேலைக்குத் தாமதமானாலும் வண்டியில் கொண்டுவந்து விடுவார், கொஞ்சம் வசதி உள்ள வீடு வேன் ஏற்பாடு செய்துகொள்ளும், எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் "சைக்கிள் வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சாலையில் விபத்துக் கணக்கு பூஜ்யம் என்றால் அது பயத்தால் வந்த பூஜ்யமாகவும் இருக்கலாம். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, காவல்துறைப் பதிவில் எல்லாம் ஏறுவதும் இல்லை. முழங்கால் சிராய்ப்பு, கை எலும்பு முறிவு, கடைசி நொடியில் டிரைவர் பிரேக் போட்டதால் தப்பியது, இவையெல்லாம் பெரும்பாலும் பக்கத்து மெடிக்கல் ஷாப்போடு முடிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலைகளில் ஓர் இடத்தை 'விபத்துக் கரும்புள்ளி' என்று அறிவிக்க மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள்: ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள். நெடுஞ்சாலைக்கு அது பொருந்தட்டும். ஒரு பள்ளி வாசலுக்கு அதே மனநிலையோடு காத்திருப்பது என்றால் எத்தனை பிள்ளைகள் அடிபடும்வரை காத்திருப்பது? 2022-ல் மட்டும் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்.

சரி, சாலைத் திட்டங்கள் ஏன் எப்போதும் வாகனத்தின் பக்கமே சாய்கின்றன? எண்ணும் முறையில்தான் கோளாறு. போக்குவரத்துக் கணக்கெடுப்பில் எல்லா வண்டிகளையும் 'கார் சமானம்' என்ற ஓர் அலகுக்கு மாற்றுவார்கள். கார் 1 என்றால் பேருந்து இரண்டிலிருந்து நான்குக்குள் ஏதோ ஓர் எண் பெறும். அறுபது பேரைச் சுமக்கும் மாநகரப் பேருந்துக்கும், ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து போகும் மூன்று கார்களுக்கும் அந்தத் தாளில் ஏறக்குறைய ஒரே மதிப்பு. சாலையோரம் கும்பலாக நடந்துபோகும் நூறு பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தினால் சந்திப்பை அகலப்படுத்தும் வேலை ஒவ்வொரு முறையும் முதலில் வரும், பள்ளி வாசல் கடைசியில் நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் விளைவு அதுதான். ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஆட்களை எண்ணுவது.

எண்ணுவது பெரிய வேலை இல்லை. பள்ளி நாளாகப் பார்த்து, மழை இல்லாத ஒரு காலையும் ஒரு மாலையும் இரண்டு பேர் வாசலுக்கு எதிரில் நின்றால் போதும். நடந்து வருபவர், சைக்கிளில் வருபவர், பேருந்திலிருந்து இறங்கி வருபவர், ஆட்டோ, வேன், பெற்றோர் வண்டி என்று தனித்தனிக் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எட்டு மணியை ஒட்டியே வர ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால் எட்டே முக்காலுக்குப் போய் நின்றால் சின்னப் பிள்ளைகளில் பெரும்பங்கை விட்டுவிடுவீர்கள். அப்புறம் வேகம். சாலையோரம் 50 மீட்டரை நாடாவால் அளந்து இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். ஒரு வண்டி அந்த 50 மீட்டரைக் கடக்க 6 நொடி எடுத்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். 3.6 நொடியில் கடந்தால் 50. செல்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். நூறு வண்டிகளை இப்படிக் குறித்துக்கொண்டு போனால், "எல்லாரும் வேகமாப் போறாங்க சார்" என்று புலம்புவதைவிட அது நூறு மடங்கு எடுபடும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லி, பயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போடச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் ஒத்துழைத்தால் ஒரு பீரியடில் முடிந்துவிடும். எந்த ஆலோசனை நிறுவனமும் காட்டாத இடங்களை அந்தப் படங்கள் காட்டும். ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர், நிறுத்திவைத்த ஒரு காருக்குப் பின்னால் நின்றால் டிரைவருக்கு அந்தப் பிள்ளை தெரியவே தெரியாது. பெரியவர்கள் நடந்து பார்த்து எழுதும் அறிக்கையில் இது விட்டுப்போகும், பிள்ளையின் படத்தில் வந்துவிடும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. காய்ந்த தார்ச்சாலை, நல்ல பிரேக், ஒரு நொடியில் சுதாரிக்கும் டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி சுமார் 8 மீட்டர் போகும், பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 5 மீட்டர், ஆக 13 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் சுதாரிக்கும் நேரத்திலேயே 14 மீட்டர் போய்விடும், நிற்க மேலும் 14, மொத்தம் 28. இப்போது 13 மீட்டர் தொலைவில் ஒரு பிள்ளை ஓடி வருகிறது என்று நினையுங்கள். முப்பதில் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நின்றுவிடுவார். ஐம்பதில் வந்தவர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே மோதிவிடுவார், வேகம் துளிகூடக் குறைந்திருக்காது. மோதலின் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் அது முப்பதில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30 என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகள் பிரகடனம் செய்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை அதை வழிமொழிந்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சென்னையில் இதற்குப் புதிதாக விதி எழுத வேண்டியதுகூட இல்லை. 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த வேக வரம்பிலேயே குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 தான். விதி இருக்கிறது, சாலை மட்டும் வேறு மாதிரி சொல்கிறது. பன்னிரண்டு மீட்டர் அகலத்துக்கு வழவழவென்று தார் போட்டுவிட்டு ஓரத்தில் ஒரு பலகையை நட்டால் யாரும் முப்பதில் போகமாட்டார்கள். சாலையின் வடிவம் வேகத்தைக் குறைக்க வைக்க வேண்டும்.

இனி என்ன கட்டச் சொல்வது என்பதற்கு வருகிறேன். என் முதல் தேர்வு, வாசலுக்கு நேராக, நடைபாதை உயரத்துக்கே தூக்கிக் கட்டிய அகலமான மேடான கடக்கும் இடம், அதாவது கடவை. பிள்ளை இறங்கி ஏற வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் அப்படியே போகும். இதற்கு வழக்கமாக வரும் எதிர்ப்பு மழைநீர், சென்னையில் அது நியாயமான எதிர்ப்பும்கூட. மேடு போட்டால் மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கும். அதனால் மேட்டுக்கு முன்னாலேயே வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் துளைகள் வைத்தாக வேண்டும், இதை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள், பிறகு சேர்க்கச் சொன்னால் நடக்காது. ஓரத்தில் இடைவெளி விட்டுக் கட்டினால் அந்தச் சந்தில்தான் எல்லா பைக்கும் புகுந்து போகும், அதே ஓரத்தில்தான் பிள்ளைகள் நிற்பார்கள். ஆகவே நடைபாதைக் கல் வரை மேடு போக வேண்டும்.

மேடான கடவை கிடைக்காவிட்டால் ஒழுங்கான வேகத்தடை. ஊரில் நாம் பார்க்கும் பாதி வேகத்தடைகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய தார்க்கட்டிகள், முதுகெலும்பை உடைக்கும், இரவில் கண்ணுக்கும் தெரியாது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வடிவ வேகத்தடையின் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஆம்புலன்ஸ் மெதுவாக ஏறி இறங்கிப் போகலாம், வேகமாக வந்தால் மட்டும் தூக்கிப்போடும். முன்னறிவிப்புப் பலகையும் வெள்ளைப் பட்டையும் இதோடு சேர்ந்தவை. பட்டை அழிந்த வேகத்தடை இரவில் பைக்காரரைக் கொல்லும்.

அடுத்தது நடைபாதை. குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம், 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத உயரம் என்று அதே அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் தெருக்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல் போட்ட ஸ்லாப்தான். அதுவும் முழங்கால் உயரத்தில் இருக்கும், நடுவில் ஈ.பி. பில்லர் பாக்ஸ், ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் ஒரு சரிவு, ஒரு ஸ்லாப் உடைந்து வாய் பிளந்திருக்கும். பிள்ளைகள் சாலையில் இறங்கி நடப்பதை ஒழுங்கீனம் என்கிறோம், மேலே நடக்க முடிந்தால் யார் இறங்கப்போகிறார்கள்? பள்ளியிலிருந்து நான்கு பக்கமும் முதல் 200 மீட்டருக்கு மட்டும் தொடர்ச்சியான நடைபாதை கேளுங்கள். ஊர் முழுக்கக் கேட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், 200 மீட்டர் ஒரு நிதியாண்டில் முடியும்.

சில இடங்களில் எதையும் கட்டாமலேயே ஆபத்தைக் குறைக்கலாம். பள்ளி வாசல் பேருந்து ஓடும் சாலையைப் பார்த்து இருந்து, சுற்றுச்சுவரின் வேறொரு பக்கத்தில் சின்னத் தெரு இருந்தால், பிள்ளைகளுக்கான வாசலை அந்தப் பக்கம் மாற்றிவிடலாம். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் பள்ளிகளைச் சுற்றி நடைபாதை, வேகத்தடை, தடுப்புக் கட்டை ஆகியவற்றோடு, தேவைப்பட்ட இடத்தில் வாசலையே இடம் மாற்றுவதையும் ஒரு வழியாக வைத்திருந்தார்கள், காயங்கள் குறைந்தன. தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சம்மதித்தால் இங்கேயும் செய்யக்கூடியதுதான்.

நடைமேம்பாலம் தருகிறோம் என்றால் கவனமாக இருங்கள். பைநிறையப் புத்தகத்தோடு ஒரு பிள்ளை ஐம்பதுக்கு மேற்பட்ட படி ஏறி இறங்காது, கீழே ஓடித்தான் கடக்கும். சாயங்காலம் ஆளில்லாத பாலத்தில் பெண்பிள்ளைகள் ஏறப் பயப்படுவார்கள், லிஃப்ட் வைத்தால் அதைப் பராமரிக்க ஆள் இருக்காது. எட்டு வழிச் சாலை போன்ற இடங்களில்கூட முதலில் கேட்க வேண்டியது நடப்பவருக்கான சிக்னலும், நடுவில் நிற்க ஒரு மேடையும்தான். சிக்னல் நேரத்தையும் பாருங்கள்: 21 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் என்ற வழக்கமான வேகத்தில் கடக்க 17 நொடிக்கு மேல் ஆகும், சின்னப் பிள்ளையோ வயதானவரோ நொடிக்கு 0.9 மீட்டர் நடந்தால் 23 நொடி. பத்து நொடி பச்சை விளக்கு அவர்களை நடுச்சாலையில் நிறுத்திவிடும்.

விழிப்புணர்வுப் பேரணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதாகை பிடித்துப் பிள்ளைகளை வெயிலில் நடக்க வைப்பதால் சாலை மாறுவதில்லை. பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது நல்லதுதான், ஆனால் எட்டு வயதில், எதிரே வரும் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கும் திறன் இன்னும் முழுமையாக வந்திருக்காது. பொறுப்பு பெரியவர்களுடையது.

அந்தப் பெரியவர்களில் பெற்றோரும் உண்டு, இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் நெரிசல் உண்டாக்குவது பெரும்பாலும் பிள்ளையை இறக்கிவிட வந்த வண்டிகள்தான். இரண்டு வரிசையாக நிறுத்தி, எதிர்த்திசையில் திரும்பி, ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வருகிறோம், நடந்து வரும் பிள்ளைக்கு அந்த இடமே ஆபத்தாகிறது, அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகள் வண்டிக்கு மாறுகின்றன. இதை உடைக்க எளிய வழி, வாசலிலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஓர் இறக்கிவிடும் இடத்தை ஏற்பாடு செய்து, அங்கிருந்து எல்லாரும் நடந்து வருவது. இத்தாலியின் போல்சானோவில் 1989-லேயே பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் மட்டும் பள்ளித் தெருவை வண்டிகளுக்கு மூடினார்கள். இன்று லண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் அது நடைமுறை. ஒரு தடுப்புக் கட்டை, ஒரு காவலர், இரண்டு தன்னார்வலர், அரை மணி நேரம், செலவே கிடையாது. உங்கள் பள்ளி உட்புறத் தெருவில் இருந்தால் முதலில் இதை ஒரு மாதம் சோதனையாகக் கேளுங்கள். பேருந்து வழித்தடத்தில் இருந்தால் இது ஒத்துவராது.

கனரக வண்டிகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2025 ஜூனில் பெரம்பூரில் தாயோடு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன ஒரு சிறுமி தண்ணீர் லாரி மோதி இறந்தாள். அந்த நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை இருந்தும் லாரி ஓடியது. தடை உத்தரவு இருந்தால் மட்டும் போதாது, எந்த முனையில் எந்தக் காவலர் அதைப் பார்ப்பார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2012-ல் சேலையூர் பள்ளி ஒன்றின் பேருந்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு பள்ளி வாகனங்களுக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது, ஒவ்வொரு ஆண்டும் கோடை விடுமுறையில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறார்கள். நல்ல காரியம். நடந்து வரும் பிள்ளையின் வழியை அதே போல ஜூனுக்கு முன்னால் வருஷா வருஷம் ஆய்வு செய்யும் வழக்கம் இன்னும் வரவில்லை, அதையும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

உரிமை என்று சும்மா சொல்லவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இன்றும் நாட்டின் சாலைப் பாதுகாப்பை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வழக்கில்தான் 2025 மே மாதத்தில், ஒழுங்கான நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, தரத்தைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைத்து, அதனால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தொகை சின்னதுதான், ஆனால் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் கோப்பு நகரும் வேகம் மாறும்.

"நிதி இல்லை" என்ற பதில் கட்டாயம் வரும். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றுக்கொண்டது, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கிய வாக்குறுதி. அந்த ஒரு வரியை மனுவின் மேலேயே போடுங்கள். பெரிய பாலங்களோடு ஒப்பிட்டுப் பேசத் தோன்றும், தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை உயர்மட்டச் சாலை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாய் என்று திட்டமிடப்பட்டது. ஆனால் அது நெடுஞ்சாலைத் துறையின் பணம், உங்கள் கவுன்சிலர் நினைத்தாலும் இங்கே திருப்ப முடியாது, கூட்டத்தில் அதைப் பேசினால் நேரம்தான் போகும். கவுன்சிலரின் வார்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உள்ள எம்.எல்.ஏ. தொகுதி நிதி, மாநகராட்சியின் சாலைப் பராமரிப்புப் பணம், இந்த மூன்றும்தான் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. அதற்கும் முன்னால் அந்தச் சாலை யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா என்பது தெரியாமல் கொடுத்த மனு இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு வருஷம் தூங்கும். வேகத்தடைக்குக் காவல்துறையின் சம்மதமும் பில்லர் பாக்ஸை நகர்த்த மின்வாரியமும் வேண்டும் என்பதால் மனுவின் நகலை அவர்களுக்கும் அன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது.

மற்ற நான்கு கோரிக்கைகளையும் தள்ளிவைக்கத் தேவையில்லை. சாலை மறுபடி போடும் வேலை ஒன்று பட்டியலில் இருக்கிறதே, அதுதான் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. தார் போடும்போதே கடவையையும் வேகத்தடையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்தால் தனி டெண்டர் வேண்டாம், இயந்திரம் இரண்டு முறை வர வேண்டாம். சேர்க்காவிட்டால் இருக்கும் வெள்ளைப் பட்டையும் புதுத் தாருக்கு அடியில் போய்விடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்ற 2021 அரசு உத்தரவையும் நினைவுபடுத்துங்கள், சாலை உயர்ந்தால் நடைபாதையும் வடிகாலும் கணக்கு தப்பும். நிழற்குடையைப் பிள்ளைகள் அதிகம் இறங்கும் நிறுத்தத்தில் கேளுங்கள், நிறுத்தம் கடவைக்கு அப்பால் இருக்கட்டும், நின்ற பேருந்துக்கு முன்னால் ஓடிக் கடப்பது நிற்கும். பார்க்கிங்கில் ஒரே நிபந்தனை, கடவையின் இரு பக்கமும் 10 மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்கக் கூடாது. சந்திப்பை அகலப்படுத்துவதை மட்டும் நான் கடைசியில்தான் வைப்பேன். திருப்பம் அகலமானால் வண்டி வேகம் குறைக்காமல் திரும்பும், பிள்ளை கடக்க வேண்டிய தூரமும் கூடும். நெரிசல் உண்மையிலேயே தாங்க முடியவில்லை என்றால் சிக்னல் நேரத்தை மாற்றிப் பார்த்த பிறகு அதைப் பேசலாம்.

வேலை முடிந்ததும் அதே 50 மீட்டர் கோட்டில் மறுபடி நின்று நூறு வண்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகள் இன்னும் 6 நொடிக்குள் கடந்துபோனால் மேடு சரியாக அமையவில்லை என்று பொருள். ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் முடிவதற்குள் அந்த எண்களோடு உதவிப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள், திருத்தும் செலவு அப்போது ஒப்பந்ததாரருடையதாகவே இருக்கும்.